கெக்கெக் மீனிலிருந்து ஆற்றுநீர்ச் சோதனை வரை: ஒளிரும் கடல் பாக்டீரியாவோடு பழக ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தையில் இருப்பவர்களிடம் ஒளிரும் உயிர் எது என்று கேட்டால் மின்மினி என்றுதான் சொல்வார்கள். நம் ஊரைத் தொட்டு ஓடும் சிலாங்கூர் ஆறு, கீழே கம்போங் குவாந்தானை அடையும்போது கரையோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக மின்னுகின்றன. அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ஆனால் காலைச் சந்தையில் கிலோ கணக்கில் கொட்டிக் கிடக்கும் கெக்கெக் மீனுக்குள்ளும் ஒரு விளக்கு எரிகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதை ஏற்றுவது பாக்டீரியா.

படிவம் 6 மாணவர்கள், பல்கலைக்கழக முதலாண்டுக்காரர்கள், அறிவியல் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மீனை ஒளிர வைப்பது சுலபம். ஓர் இரவில் ஆகிவிடும், எல்லோரும் வாய் பிளப்பார்கள், அதோடு முடிந்துவிடும். அந்த ஒளி ஏன் மங்குகிறது, எவ்வளவு மங்குகிறது என்று அளக்கத் தொடங்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. செம்பனை ஆலைகளும் ஆறும் பக்கத்தில் இருக்கும் நம் ஊருக்கு உதவக்கூடியதும் அந்தப் பகுதிதான்.

படி 1: எந்த ஒளி என்று பிரித்துப் பாருங்கள்

ஒளிர்வதெல்லாம் பாக்டீரியா இல்லை. மின்மினி தன் உடலில் தானே செய்துகொள்ளும் வேதிப்பொருளால் மின்னுகிறது. விட்டுவிட்டு எரியும். கடற்கரையில் அலை உடையும்போதும், தண்ணீரில் காலை வைக்கும்போதும் பளிச்சென்று நீலமாகத் தெரிவது பெரும்பாலும் நாக்டிலூக்கா போன்ற ஒற்றைச் செல் மிதவை உயிர்கள். தொட்டால் மின்னும், விட்டால் அணையும். பழைய ரப்பர்த் தோட்டத்தில் மக்கிய கட்டையில் பச்சையாகத் தெரிந்தால் அது காளான்.

பாக்டீரியா ஒளிக்கு ஓர் அடையாளம் உண்டு: அது மினுக்காது. நீலப்பச்சையாக, ஒரே சீராக, மணிக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 490 நானோமீட்டர். இந்தப் பாக்டீரியாக்கள் கடலில் கோடானுகோடியாகப் பெருகினால் கடலே பால் ஊற்றியது போல வெளுத்துத் தெரியும். 1995-இல் சோமாலியா கரைக்கு அப்பால் ஒரு கப்பல் இப்படிப்பட்ட கடலைக் கடந்து போனது. பிற்பாடு செயற்கைக்கோள் படங்களைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது ஒளிர்ந்த பரப்பு சுமார் 15,400 சதுர கிலோமீட்டர் என்று தெரிந்தது. 2019-இல் ஜாவாவுக்குத் தெற்கே தோன்றியது அதைவிடப் பல மடங்கு பெரியது, 1 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

படி 2: மீன் வாங்குவது

கெக்கெக் வாங்குங்கள். காரல், காரப்பொடி என்று சொல்லி மொறுமொறுவென வறுத்துச் சாப்பிடுகிறோமே, அந்தத் தட்டையான வெள்ளி மீன்தான். அதன் தொண்டைக்குழாயைச் சுற்றி வளையம் போல ஓர் ஒளியுறுப்பு இருக்கிறது. அதற்குள் குடியிருப்பது போட்டோபாக்டீரியம் லியோக்னாத்தி என்ற பாக்டீரியா. 1967-இல்தான் அதற்கு முறையாகப் பெயர் வைத்தார்கள். அது தரும் ஒளி மீனின் காற்றுப்பையில் பட்டுத் திரும்பி வயிற்றுப்பக்கம் மெல்லப் பரவும். மேலிருந்து வரும் வெளிச்சத்தோடு அது கலந்துவிடுவதால், கீழே நீந்தும் பெரிய மீனின் கண்ணுக்குக் கெக்கெக்கின் நிழல் தெரியாது. பாக்டீரியாவுக்குச் சோறும் வீடும், மீனுக்கு மறைவு.

இரண்டாவது தேர்வு சோத்தோங், அதாவது கணவாய். கரைக்கு வந்த அன்றே கிடைத்தால் தோலிலேயே ஒளிரும் புள்ளிகள் தோன்றும்.

மீன்காரரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: கழுவ வேண்டாம், குடலை எடுக்க வேண்டாம்.

“என்ன தம்பி, குடலோட கேக்குற? பூனைக்கா?”

“இல்லண்ணே, பள்ளிக்கூட ஆராய்ச்சிக்கு. பைப்புத் தண்ணி படாம கொடுங்க.”

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. கடல் பாக்டீரியா உப்புநீரில் வாழப் பழகியது. நல்ல தண்ணீர் பட்டால் அது செல்லுக்குள் புகுந்து செல்லை உடைத்துவிடும். குழாய்நீரில் இருக்கும் குளோரின் மிச்சத்தையும் முடித்துவிடும். ஐஸ் உருகி அந்த நீரில் நாள் முழுக்க ஊறிய மீனும் இதே காரணத்தால் சரிப்படாது. இருந்தாலும் கெக்கெக்கில் ஒளியுறுப்பு உள்ளே இருப்பதால் அது ஓரளவு தாங்கும்.

இந்த மீனைச் சமையலுக்குத் திருப்பி எடுக்கக் கூடாது. வாங்கும்போதே பையில் எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மா குழம்பு வைத்துவிடுவார்.

படி 3: தட்டில் வைத்துக் காத்திருப்பது

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 1 லிட்டரில் 30 கிராம் உப்பைக் கரையுங்கள். கடல் உப்பாக இருந்தால் நல்லது. அகலமான பிளாஸ்டிக் தட்டில் மீனை வைத்து, பாதி உடம்பு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். மேல்பாதி காற்றில் இருக்க வேண்டும். முழுக்க மூழ்கடித்தால் ஆக்சிஜன் போதாமல் ஒளி வராது. கெக்கெக்காக இருந்தால் ஒன்றிரண்டைத் தொண்டைப்பக்கம் கீறித் திறந்து வையுங்கள். தட்டை மூடுங்கள், ஆனால் காற்றுப் புகாதபடி இறுக்காதீர்கள்.

பலர் தோற்றுப்போவது வெப்பத்தில். ஐரோப்பிய, அமெரிக்கக் குறிப்புகள் ‘அறை வெப்பத்தில் ஓர் இரவு’ என்று சொல்லும். அவர்கள் அறை 20 டிகிரி, நம் அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஒளிரும் பாக்டீரியா தலையெடுப்பதற்குள் அழுகச் செய்யும் மற்றக் கிருமிகள் முந்திக்கொள்ளும். மறுநாள் காலையில் நாற்றம் மட்டுமே மிஞ்சும். மீன் கொண்டுபோகும் ஐஸ் தோங்கில் தட்டை வைத்து, பக்கத்தில் ஐஸ் பொட்டலம் போட்டு, 15 முதல் 20 டிகிரிக்குள் நிறுத்தப் பாருங்கள். அது முடியாவிட்டால் ஏர்கோன் அறை. வீட்டு ஐஸ் பெட்டி வேண்டவே வேண்டாம். அதன் குளிர் இதற்கு அதிகம், அதோடு அது சாப்பாடு வைக்கும் இடம்.

12 மணி நேரம் கழித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் 24 மணி நேரத்தில்.

படி 4: இருட்டில் பார்ப்பது

இதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஒளி இருந்தும் ‘ஒன்றும் வரவில்லை’ என்று தட்டைக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அறையை நன்றாக இருட்டாக்குங்கள். கதவிடுக்கில் துணியைச் செருகுங்கள். கைத்தொலைபேசியை அணைத்து வெளியே வைத்துவிட்டு, குறைந்தது 10 நிமிடம் சும்மா உட்காருங்கள். முதலில் எதுவும் தெரியாது. பிறகு தட்டு இருக்கும் இடத்தில் ஒரு வெளிறிய மேகம் தெரியும். நேராகப் பார்த்தால் மறையும், சற்றே பக்கவாட்டில் பார்த்தால் திரும்ப வரும். இன்னும் கொஞ்ச நேரத்தில் மீனின் தோலில் ஊசிமுனைப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்.

நிறம் நீலமாக இல்லையே என்று ஏமாற வேண்டாம். மங்கலான ஒளியில் நம் கண் நிறம் பிரிக்காது. சாம்பல் கலந்த வெள்ளையாகத்தான் தெரியும். கேமராவை அசையாமல் வைத்து 20, 30 விநாடி திறந்து படமெடுத்தால் நீலப்பச்சை வந்துவிடும். இணையத்தில் காணும் பளபளப்பான படங்கள் எல்லாம் இப்படி எடுத்தவைதான்.

படி 5: இங்கிருந்து ஆய்வகம்

வீட்டில் செய்யக்கூடியது தட்டோடு முடிகிறது. பிரித்தெடுத்து வளர்ப்பதைப் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் மேற்பார்வையில் மட்டும் செய்யுங்கள். அழுகும் கடல்மீனில் நமக்கு வேண்டிய ஒளிரும் இனம் மட்டும் வளர்வதில்லை. விப்ரியோ வல்னிஃபிகஸ் போன்ற, புண் வழியாக இரத்தத்தில் கலந்து உயிரையே எடுக்கக்கூடிய இனங்களும் அதே உப்புநீரில் வளரும். கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள், ஈரல் நோய், நீரிழிவு உள்ளவர்கள் தொடவே கூடாது. மற்றவர்களுக்குக் கையுறை கட்டாயம்.

வளர்ப்புத் தட்டுக்கு எளிய கலவை ஒன்று: கடல்நீர் 750 மில்லிலிட்டர், வடிநீர் 250 மில்லிலிட்டர், பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 3 கிராம், கிளிசரால் 3 மில்லிலிட்டர், அகார் 15 கிராம். கடல்நீர் கிடைக்காவிட்டால் வடிநீரில் 3 விழுக்காடு உப்பு. 121 டிகிரியில் 15 நிமிடம் கிருமிநீக்கம் செய்துவிட்டுத் தட்டுகளில் ஊற்றுங்கள். தீபாவளிக்கு நாம் கிண்டும் அகார் அகார் ஆய்வகத்துக்குள் வந்த கதையும் நம் பக்கத்துக் கதைதான். 1880-களின் தொடக்கத்தில், நுண்ணுயிரியல் முன்னோடி ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் இருந்த வால்டர் ஹெஸ்ஸாவின் மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸா அதைப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்திருந்த பழக்கக்காரர் ஒருவர் சொல்லித்தான் அவர் அதை ஜெல்லிக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

இருட்டில் மீனின் ஒளிரும் புள்ளியைக் கிருமிநீக்கிய குச்சியால் தொட்டு, தட்டில் கோடிழுங்கள். மறுநாள் பல வகைத் திட்டுகள் வளர்ந்திருக்கும். மீண்டும் இருட்டில், மிகப் பிரகாசமான திட்டைத் தேர்ந்து புதுத் தட்டில் கோடிழுங்கள். எல்லாத் திட்டும் ஒன்றுபோல ஒளிரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கிடைத்த நல்ல வளர்ப்பை உடனே கிளிசராலில் கலந்து உறைநிலையில் சேமியுங்கள். தட்டு மாற்றித் தட்டு மாற்றி வளர்த்துக்கொண்டே போனால் நாளடைவில் ஒளிராத வம்சம் தலைதூக்கிவிடும். ஒளிர்வது செலவு பிடித்த வேலை. ஆய்வகத்துச் சொகுசில் அதைக் கைவிட்ட செல்லுக்குத்தான் லாபம்.

படி 6: காற்றும் கூட்டமும்

நீர்ம வளர்ப்பை ஒரு சோதனைக் குழாயில் அசையாமல் வையுங்கள். சிறிது நேரத்தில் மேற்பரப்பில் மட்டும் ஒரு வளையம் ஒளிரும், கீழே இருட்டு. குழாயைக் குலுக்குங்கள். முழுக் குழாயும் பற்றிக்கொள்ளும். செல்களே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதும், குலுக்கும்போது அது திரும்பக் கலப்பதும்தான் காரணம். 1660-களின் இறுதியில் ராபர்ட் பாயில் ஒளிரும் கட்டையையும் மீனையும் காற்றிறைக்கும் குப்பியில் வைத்துக் காட்டியதும் இதையே. காற்றை எடுத்தால் ஒளி போனது, விட்டால் வந்தது. ஆக்சிஜன் என்ற பெயரே அப்போது இல்லை.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்: லூசிஃபெரேஸ் என்ற நொதி, ஆக்சிஜனைக் கொண்டு இரண்டு பொருள்களை ஒரே நேரத்தில் எரிக்கிறது. ஒன்று வைட்டமின் பி2-இலிருந்து வரும் ஃப்ளேவின், மற்றொன்று நீளச் சங்கிலி ஆல்டிஹைடு. மிஞ்சும் ஆற்றல் வெப்பமாகாமல் ஒளியாகிறது. இந்த நொதியையும் ஆல்டிஹைடு செய்யும் நொதிகளையும் எழுதிவைத்திருக்கும் மரபணுக்கள் லக்ஸ் எனப்படும். 1983-இல் அவற்றை முழுத் தொகுதியாக எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவில் செருகினார்கள். ஈ.கோலையும் ஒளிர்ந்தது.

இன்னொரு சோதனை. புது வளர்ப்பில் கொஞ்சம் செல்களை விட்டு, மணிக்கொரு முறை பாருங்கள். செல்கள் பெருகப் பெருக நீர் கலங்கும், ஆனால் ஒளி வராது. கலங்கல் ஓர் அளவைத் தாண்டியதும் திடீரென ஏறும். தைப்பூசத்தில் நாலு பேர் நிற்கும்போது உறுமிக்காரர் மேளத்தைத் தொடமாட்டார், கூட்டம் சேர்ந்ததும் இறங்கிவிடுவார், அந்த மாதிரி. ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு மூலக்கூற்றை வெளியே விடுகிறது. கூட்டம் அடர்ந்தால் அதன் செறிவு கூடுகிறது. அதைப் ‘படித்து’ எல்லாச் செல்லும் ஒன்றாக லக்ஸ் மரபணுக்களைத் திறக்கின்றன. நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை 1970-இல் எழுதினார்கள். பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பேசும் என்பதை அப்போது பலர் நம்பவில்லை. இன்று நோய்க்கிருமிகளின் இந்தப் பேச்சைக் கெடுத்து நோயை அடக்கலாமா என்று பெரிய ஆய்வே நடக்கிறது. நம் மேற்குக் கரை இறால் வளர்ப்போருக்கு இது வெறும் புத்தகச் செய்தி ஆகாது. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தொட்டி இரவில் ஒளிர்ந்தால் அது அழகென்று நிற்கக் கூடாது. விப்ரியோ ஹார்வேயி வகையறா பெருகிவிட்டது, குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் சாகப்போகின்றன என்று பொருள்.

படி 7: ஒளி மங்குவதை அளப்பது

ஒளி என்பது செல்லின் மூச்சோடு பிணைந்த வேலை. செல்லை எது வாட்டினாலும் ஒளி நிமிடங்களில் குறையும். இதை வைத்துத்தான் அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற இனத்தைக் கொண்டு நீரின் நச்சுத்தன்மையைச் சோதிக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 11348 என்ற அனைத்துலகத் தரமுறையே இருக்கிறது. மீனை நச்சுநீரில் விட்டு 4 நாள் காத்திருந்து எத்தனை செத்தது என்று எண்ணுவதற்குப் பதிலாக, இதில் அரை மணி நேரத்தில் விடை.

முறை இது. ஒளிரும் வளர்ப்பை 2 விழுக்காடு உப்புநீரில் கலந்து, 15 டிகிரியில் வைத்து, சம அளவாகக் குழாய்களில் பிரியுங்கள். ஒவ்வொன்றின் ஒளியையும் அளந்து எழுதுங்கள். ஒரு குழாயில் வெறும் உப்புநீர் மட்டும் சேருங்கள், இது ஒப்பீட்டுக் குழாய். மற்றவற்றில் சோதிக்கும் நீரை முழுச் செறிவு, பாதி, கால், அரைக்கால் என்று நீர்த்துச் சேருங்கள். 5, 15, 30 நிமிடங்களில் மீண்டும் அளந்து எழுதுங்கள். ஒப்பீட்டுக் குழாயின் ஒளியும் தானாகச் சற்றே குறையும், அந்தக் குறைவைக் கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டும். ஒளியைப் பாதியாக்கும் செறிவு எதுவோ அதுவே உங்கள் விடை. முறை சரியா என்று தெரிய, ஒரு வரிசையில் துத்தநாக சல்பேட்டைச் சேருங்கள். அதில் ஒளி குறையவில்லை என்றால் மற்ற எந்த முடிவையும் நம்பாதீர்கள்.

ஒளியளவி இல்லாத பள்ளியில் கறுப்புப் பெட்டியும் கைத்தொலைபேசிக் கேமராவும் போதும். திறப்பு நேரம், ஒளியுணர்திறன், தூரம் மூன்றையும் கையால் நிர்ணயித்து மாற்றாமல் வையுங்கள். தானியங்கி முறையில் விட்டால் கேமரா மங்கலைத் தானே சரிசெய்து உங்களை ஏமாற்றிவிடும்.

ஆற்றுநீரை எடுத்துவந்து அப்படியே ஊற்றுகிறார்கள், ஒளி விழுகிறது, ‘ஆறு விஷம்’ என்று அட்டையில் எழுதி அறிவியல் விழாவுக்குப் போகிறார்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலே ஒளி விழும் என்பது படி 2-லேயே இருக்கிறது. சோதிக்கும் நீரிலும் 2 விழுக்காடு உப்பைக் கரைத்த பிறகே சேர்க்க வேண்டும். பி.எச். 6-க்கும் 8.5-க்கும் நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்தது நிறம். செம்பனை ஆலைக் கழிவுநீர் பழுப்பு. அந்தப் பழுப்பே நீல ஒளியை விழுங்கும். அதே நிறமுள்ள தேயிலைச் சாயம் போன்ற ஒன்றை ஒளிரும் குழாய்க்கு முன்னால் தனிக்குப்பியில் வைத்து, நிறத்தால் மட்டும் எவ்வளவு குறைகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

இந்தச் சோதனை எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நஞ்சு இருக்கிறது என்று சொல்லும், எந்த நஞ்சு என்று சொல்லாது. ஆலைக் கழிவுநீரின் பெரிய தீங்கு, அதிலுள்ள கரிமப்பொருளை மக்கச் செய்யும் கிருமிகள் ஆற்றின் ஆக்சிஜனைத் தின்றுவிடுவது. இப்படிக் கிருமிகள் தின்னும் ஆக்சிஜனின் அளவைத்தான் பி.ஓ.டி. என்பார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரில் அது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விட அனுமதிக்கப்படும் பொதுவான உச்சவரம்பு 100. ஒளிரும் பாக்டீரியாவுக்கு அந்தக் கரிமப்பொருள் சில சமயம் தீனியாகவே அமைந்து ஒளி கூடும்கூட. ஆகவே ஒளி குறையவில்லை என்பதை ‘நீர் சுத்தம்’ என்று எழுதாதீர்கள். ஆலை வடிகாலிலிருந்து நீர் எடுப்பதானால் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள்.

2020 செப்டம்பரில் துர்நாற்றக் கழிவு கலந்து சிலாங்கூர் ஆற்று நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆற்றோரத்தில் விரைவாக எச்சரிக்கை தரும் கருவிகள் ஏன் வேண்டும் என்று அதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

மற்றப் பயன்கள்

லக்ஸ் மரபணுக்களை வேறு பாக்டீரியாவில், ஒரு குறிப்பிட்ட பொருளைக் கண்டால் மட்டும் திறக்கும் மரபணு விசையோடு இணைத்துவிடலாம். பாதரசம் பட்டால் ஒளிரும் பாக்டீரியா, ஆர்சனிக் பட்டால் ஒளிர்வது என்று செய்திருக்கிறார்கள். நாஃப்தலீனைக் கண்டால் ஒளிரும் பாக்டீரியா 1990-இல் வந்தது. படி 7-இல் பார்த்த பாக்டீரியா எந்த நஞ்சுக்கும் மங்கும், இந்த வகை ஒரு நஞ்சுக்கு மட்டும் எரியும். எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது இந்த வகையே. 1995-இல் ஒளிரும் சால்மொனெல்லாவைச் சுண்டெலிக்குள் செலுத்தி, உயிரோடு இருக்கும் எலியில் நோய் பரவுவதை வெளியிலிருந்தே கேமராவில் பார்த்தார்கள்.

மின்சாரமில்லாத தெருவிளக்கு என்று அடிக்கடி செய்தி வரும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ராஃபேல் டுபுவா என்ற பிரெஞ்சு அறிவியலாளர் குப்பிகளில் பாக்டீரியாவை நிரப்பி ஓர் அறையை ஒளிர வைத்தார். ஒளி மங்கல், தீனியும் காற்றும் இடைவிடாமல் கொடுக்க வேண்டும். ஒரு நூற்றாண்டு கடந்தும் தொல்லை அதேதான். அறிவியல் விழாவுக்கு இந்தத் தலைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 8: அழிப்பதும் அடுத்த கதவைத் தட்டுவதும்

தட்டு, மீன், நீர் எதையும் அப்படியே வடிகாலில் கொட்டாதீர்கள். நீர்மத்தில் 10-க்கு 1 பங்கு குளோரக்ஸ் சேர்த்து அரை மணி நேரம் வைத்த பிறகு ஊற்றுங்கள். வளர்ப்புத் தட்டுகளை அழுத்தக்கலனில் 121 டிகிரியில் வேகவைத்த பிறகே எறிய வேண்டும். மீனை இரண்டு பையில் கட்டிக் குப்பைக்கு. மேசையைத் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மேலே படிக்க விரும்பினால் மலேசியத் திரங்கானு பல்கலைக்கழகம், மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் கடலியலோ நுண்ணுயிரியலோ படிக்கலாம். பள்ளி மாணவர்கள் விரிவுரையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தயங்க வேண்டியதில்லை. ‘எனக்கு ஆர்வம் உண்டு’ என்று மட்டும் எழுதினால் பதில் வருவது கடினம். எந்த மீன், எந்தச் சந்தை, எந்த வெப்பம், எத்தனை மணி நேரத்தில் ஒளி வந்தது, ஒப்பீட்டுக் குழாயின் அளவீடு என்ன என்று ஒரு பக்க அட்டவணையும், கேமரா அமைப்பைக் குறிப்பிட்டு ஒரு படமும் இணைத்து, ஆசிரியர் வழியாக அனுப்புங்கள். கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.